விட்ட மீன் பிழைக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வாடை ஓய்ந்து கடல் படிந்ததும் உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் "கேம் ஃபிஷிங்" என்று விளையாட்டு மீன்பிடிப்புக்கு அழைக்கும் பலகைகள் வந்துவிடுகின்றன. கொஞ்ச நாளில் படங்களும் வரத் தொடங்கும். வாலில் கயிறு கட்டித் தலைகீழாகத் தொங்கும் மயில் மீன் (செயில்ஃபிஷ்), அதன் பக்கத்தில் பூரிப்போடு நிற்கும் சுற்றுலாப் பயணி, பின்னால் ஃபைபர் படகு. அண்மைக் காலமாக இன்னொரு வகைப் படமும் வருகிறது. மீனைப் படகுக்குள் தூக்கி மடியில் கிடத்திப் படம் எடுக்கிறார்கள், பிறகு கடலில் விட்டுவிட்டதாகக் கீழே எழுதுகிறார்கள். முதல் படத்தைவிட இது நல்லது என்று பலரும் நினைக்கிறார்கள். பல வேளைகளில் இரண்டுக்கும் முடிவு ஒன்றுதான். முதல் மீன் கரையில் சாகிறது, இரண்டாவது யார் கண்ணிலும் படாமல் ஆழத்தில் சாகிறது.

திருகோணமலையில் ஆழ்கடல் தூண்டில் சுற்றுலா வளரவேண்டும் என்ற விருப்பத்தோடுதான் இதை எழுதுகிறேன். மயில் மீனை விடுவது நல்ல எண்ணத்தால் மட்டும் நடந்துவிடாது. எந்த முள்ளைப் போட்டோம், நூல் சுற்றும் றீலின் பிரேக்கை எவ்வளவு இறுக்கினோம், படகை எப்படிப் பிடித்தோம், கடைசி இரண்டு நிமிடம் கைகள் என்ன செய்தன என்பதைப் பொறுத்தே அந்த மீனின் உயிர் இருக்கிறது. இவை எல்லாம் கற்றுக்கொள்ளக் கூடியவை. நம் படகோட்டிகளுக்குக் கடலைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தக் கருவியும் கைப்பழக்கமும்தான் புதியவை.

திருகோணமலைக்கு இயற்கை தந்த வாய்ப்பு பெரிது. கொட்டியாற்றுக் குடாவுக்குள்ளேயே தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு, வெளியே போகப்போக மூவாயிரம் மீற்றருக்கும் மேல் ஆழமாகிறது. பாக்கு நீரிணைக் கரையில் இருப்பவர் ஆழ்கடல் மீனைத் தேடி மணிக்கணக்கில் ஓட வேண்டும். இங்கோ சுவாமி மலையையும் பவுல் முனை வெளிச்சவீட்டையும் கண்ணில் வைத்துக்கொண்டே ஆழ நீரின் விளிம்பில் தூண்டில் இழுக்கலாம். பள்ளத்தாக்கின் சுவரில் நீரோட்டம் மோதி ஊட்டச்சத்தை மேலே தள்ளுகிறது. மகாவலி தன் பங்குக்கு வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கிறது. அதை நம்பிச் சாளையும் கும்பிளாவும் திரள, அவற்றைத் தேடிச் சூரை, அறுக்குளா, கெலவல்லா (மஞ்சள்செட்டைச் சூரை), மயில் மீன் எல்லாம் வருகின்றன. விடியக் கிளம்பி மதியத்துக்குள் திரும்பும் பயணமாக இதைச் செய்யக்கூடிய துறைகள் உலகில் அதிகம் இல்லை.

வலைக்கும் ஆயிரங்கால் தூண்டிலுக்கும் போகும் கடற்றொழிலாளர் மயில் மீனைப் பிடித்து விற்பதைப் பற்றி இங்கு நான் பேசவில்லை. சந்தையில் அதற்கு நல்ல விலை உண்டு, பல குடும்பங்களின் அடுப்பு அதில் எரிகிறது. உல்லாசப் பயணி பணம் கொடுப்பது இறைச்சிக்காக அன்று. மீன் துள்ளுவதைப் பார்க்கவும் அதை இழுத்துப் பார்க்கவும் கொடுக்கிறார். அந்த அனுபவத்தைக் கொடுத்த மீன் உயிரோடு திரும்பினால் அடுத்தவருக்கும் கொடுக்கும். குவாத்தமாலாவின் பசுபிக் கரையில் இந்தக் கணக்கில்தான் ஒரு தொழிலே கட்டப்பட்டிருக்கிறது. அங்கே மயில் மீனை விடுவதுதான் வழமை. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். இலங்கையும் அங்கம் வகிக்கும் இந்து சமுத்திரச் சூரை ஆணைக்குழு 2018 இல் எடுத்த தீர்மானத்தில் மயில் மீனுக்கு ஆண்டுக்கு 25,000 தொன் என்ற எல்லையை வைத்தது. கீழ்த்தாடை நுனியிலிருந்து வால் கவட்டை வரை 60 சென்ரிமீற்றருக்குக் குறைந்த மயில் மீன், கொப்பரை (மார்லின்) வகைகளை வைத்திருக்கக் கூடாது என்றும் அதே தீர்மானம் சொல்கிறது. அந்த எல்லையைத் தாண்டிப் பிடித்த ஆண்டுகள் உண்டு. இந்த நிலையில் விளையாட்டுக்காகப் பிடிப்பவரும் கொன்று குவிக்கத் தேவையில்லை.

முள்ளிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி உயிர் அங்கேயே தீர்மானமாகிவிடுகிறது. நம் கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது ஜே வடிவ முள். உயிர் இரை அல்லது செத்த இரையோடு அதைப் போட்டால் மீன் விழுங்கிய பிறகு தொண்டையிலோ குடலிலோ செவுளிலோ குத்தும். குருதி கொட்டும். அப்படி விட்ட மீன் நீந்திப் போனாலும் பிழைப்பது அரிது. இதற்கு மாற்று வட்ட முள். அதன் கூர் உள்நோக்கி, தண்டைப் பார்த்தபடி வளைந்திருக்கும். விழுங்கிய மீன் திரும்பும்போது முள் வழுக்கி வெளியே வந்து தாடையின் மூலையில் மாட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் அத்திலாந்திக் பக்கத்தில் நடக்கும் கொப்பரை, மயில் மீன் போட்டிகளில் இயற்கை இரைக்கு இந்த முள்தான் போட வேண்டும் என்று 2008 முதல் சட்டமே இருக்கிறது. மயில் மீனுக்கு 7/0 அல்லது 8/0 அளவு போதும். இரண்டு விடயங்களைப் பார்த்து வாங்க வேண்டும். முதலாவது, முள்ளைத் தட்டையான மேசையில் வைத்தால் அது முழுதாகப் படிந்து கிடக்க வேண்டும். கூர் பக்கவாட்டில் முறுக்கிய வகை ஜே முள்ளைப் போலவே குடலில் குத்தக்கூடியது. இரண்டாவது, துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். அறுத்துவிட நேர்ந்தால் சாதாரண இரும்பு முள் காலப்போக்கில் அரித்துப் போகும், எஃகு அங்கேயே கிடக்கும்.

வட்ட முள்ளைப் போட்டும் மீன் மாட்டவில்லை என்று சொல்லிப் பழைய முள்ளுக்குத் திரும்புகிறவர்கள் உண்டு. காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று. முள்ளை, இரையாகக் கோர்க்கும் முரல் மீனின் உடம்புக்குள் புதைத்துவிடுகிறார்கள். முள்ளின் வாய் இரையால் அடைபட்டால் தாடையில் ஏற இடமில்லை. சிறிய றப்பர் வளையத்தை முரலின் தலையில் மாட்டி, அந்த வளையத்துக்குள் முள்ளைக் கோர்த்து, கூர் முழுவதும் வெளியே தெரிய விட வேண்டும். மற்றக் காரணம் பழக்கம். மீன் கடித்ததும் தூண்டில் கோலைப் பின்னால் வெட்டி இழுப்பது நம் கைகளில் ஊறிப்போனது. வட்ட முள்ளில் அப்படி வெட்டினால் மீனின் வாயிலிருந்து முள்ளைப் பிடுங்கி எடுத்ததாகத்தான் ஆகும். மயில் மீன் முதலில் தன் அலகால் இரையை அடிக்கும், பிறகு திரும்பி வந்து விழுங்கும். அடி விழுந்ததும் றீலைத் திறந்து நூலைத் தாராளமாக விட வேண்டும், அதே நேரம் நூல் சிக்காமல் இருக்கப் பெருவிரலை லேசாக வைத்திருக்க வேண்டும். மீன் எடுத்துக்கொண்டு ஓடத் தொடங்கியதும் மூன்று முதல் ஐந்து வரை மெல்ல எண்ணிவிட்டு, கோலை மீனை நோக்கி நீட்டியபடியே பிரேக் நெம்பைப் படிப்படியாக மேலே தள்ள வேண்டும். நூல் தானாக இறுகும், முள் தானாக மாட்டும். கோலைத் தூக்குவது அதற்குப் பிறகுதான். பயணியிடம் இதைக் கரையிலேயே சொல்லிக் காட்ட வேண்டும். மீன் அடித்த பிறகு சொல்லிப் பயனில்லை.

முரலைத் தயார் செய்வதிலும் கவனம் வேண்டும். நீண்ட கீழ்அலகை ஒடித்துவிட்டு, வயிற்றை அழுத்திக் கழிவை வெளியேற்றி, முதுகெலும்பை இரு பக்கமும் மெல்ல வளைத்து நெகிழ்த்த வேண்டும். பிறகு ஐஸ் தண்ணீரில் கல்லுப்புப் போட்டு ஊறவிட்டால் சதை இறுகும், இழுக்கும்போது பிய்ந்து போகாது. வாயும் செவுளும் மெல்லிய செப்புக் கம்பியால் மூடிக் கட்டப்பட்டிருக்க வேண்டும். வாய் திறந்திருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து முரல் சுழலத் தொடங்கும். சுழலும் இரையை மயில் மீன் அடிக்காது, தங்கூசியும் (நைலோன் நூலும்) முறுக்கேறிப் பாழாகும். நூலை விடுமுன் படகின் ஓரத்தில் இழுத்துப் பார்த்து, நேராக நீந்துகிறதா என்று உறுதிசெய்வது ஒரு நிமிட வேலை.

இழுக்கும் வேகம் இயற்கை இரைக்கு மணிக்கு 4 முதல் 6 கடல் மைல், செயற்கை இரைக்கு 6 முதல் 9. சிறிய படகில் நான்கு கோலுக்கு மேல் வேண்டாம். இரண்டைப் படகுக்குக் கிட்டவாக, நுரை அடங்கும் இடத்தில் விடலாம். இரண்டைப் படகின் இருபுறமும் நீட்டிய கம்புகளில் மாட்டித் தூரமாக விடலாம். எல்லா இரைகளும் வெவ்வேறு தூரத்தில் இருந்தால் திரும்பும்போது சிக்காது. முள் இல்லாத கவர்ச்சி இரை ஒன்றைப் படகுக்கு அருகே இழுத்து, மீன் அதைத் தேடி மேலே வந்ததும் முரலை அதன் முன்னால் விடுவது கைதேர்ந்த முறை. அதில் மீன் விழுங்குவது கண்ணுக்குத் தெரியும், எண்ணுவதும் எளிது. பாசி மாட்டிய இரை வெறும் பாரம்தான். கால் மணிக்கொரு முறை உள்ளே இழுத்துப் பார்க்க வேண்டும்.

செயற்கை இரையில் ஜே முள் தவிர்க்க முடியாததுதான். அதில் மீன் விழுங்குவதற்கு முன் வாயோரத்தில் மாட்டிவிடும் என்பதால் ஆபத்து குறைவு. ஆனாலும் இரட்டை முள் வேண்டாம், ஒன்று போதும். கரைப் பாறைகளில் பாரை மீனுக்குப் பொப்பர் (நீர்மேல் துள்ளும் செயற்கை இரை) வீசுகிறவர்கள் கடையிலிருந்து வரும் மும்முள்ளைக் கழற்றி, தாடி முள்ளை (கூருக்குப் பின்னுள்ள எதிர்முள்ளை) அழுத்தி மழுக்கிய ஒற்றை முள்ளை மாட்டலாம். மும்முள் மீனின் கண்ணையும் கிழிக்கும், படகில் இருப்பவர் கையையும் கிழிக்கும்.

அடுத்தது நூலும் பிரேக்கும். மயில் மீனுக்கு 30 இறாத்தல் தாங்கும் தங்கூசி, குறைந்தது 300 மீற்றர், முன்னால் 80 முதல் 100 இறாத்தல் கனத்தில் 4 மீற்றர் அளவு லீடர் (முள்ளுக்கும் நூலுக்கும் இடையில் கட்டும் தடித்த நூல்) நல்ல பொருத்தம். லீடர் ஏன் அவ்வளவு நீளம் என்றால், இரண்டரை மீற்றர் நீளமுள்ள மீன் திரும்பி ஓடும்போது அதன் வாலும் சொரசொரப்பான அலகும் நூலில் உரசும். கனமற்ற பகுதி அங்கே இருந்தால் சில நொடிகளில் அறுந்துவிடும். அறுக்குளாவையும் வாஹூ மீனையும் தேடுகிறவர் பல்லுக்காக ஒரு முழம் கம்பி போட வேண்டியிருக்கும். மயில் மீனுக்குக் கம்பி போட்டால் கடி குறையும். ஒரே கோலில் எல்லா மீனையும் பிடிக்க நினைப்பது கைகூடாது. எந்தக் கோல் எதற்கு என்று காலையிலேயே பிரித்துவிடுவது நல்லது.

பயணிக்கு அதிக நேரம் விளையாட்டுக் காட்ட வேண்டும் என்று மெல்லிய நூலைக் கொடுக்கும் பழக்கம் பரவிவருகிறது. இது மிகத் தவறு. நம் கடலின் மேல்நீர் ஆண்டின் பெரும்பகுதியில் 28 முதல் 30 பாகை செல்சியஸ். சூடான நீரில் ஒட்சிசன் குறைவு. இழுபறி நீள நீள மீனின் தசையில் அமிலம் ஏறுகிறது, அதை ஆற்றிக்கொள்ள அதற்குக் கிடைக்கும் ஒட்சிசனோ கொஞ்சம். ஒரு மணி நேரம் இழுத்த மீனை எவ்வளவு அன்போடு விட்டாலும் அது தேறுவது கடினம். கால் மணியிலிருந்து அரை மணிக்குள் முடியும்படி நூலும் பிரேக்கும் இருக்க வேண்டும்.

பிரேக்கை விரலால் இழுத்துப் பார்த்து "சரி" என்று சொல்வதை விட்டுவிடுங்கள். மீன் நிறுக்கும் விற்தராசு ஒன்று போதும். கோலை மீன் பிடிக்கும் கோணத்தில் பிடித்து, வளையங்கள் வழியாக வரும் நூலைத் தராசில் கட்டி, மெல்ல இழுக்க வேண்டும். நூல் கழறத் தொடங்கும் போது தராசு காட்டும் எடை, நூலின் தாங்குதிறனில் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் நிற்க வேண்டும். 30 இறாத்தல் நூலுக்கு அது 8 இறாத்தல் அளவு, ஏறக்குறைய மூன்றரைக் கிலோ. இதை ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும். மாலையில் நெம்பை முழுதாகத் தளர்த்தி வைக்காவிட்டால் உள்ளே இருக்கும் தட்டுகள் ஒட்டிக்கொள்ளும், மறுநாள் முதல் ஓட்டத்திலேயே குலுங்கிக் குலுங்கி நூலை அறுக்கும். றீலை நல்ல தண்ணீரால் மெதுவாகக் கழுவ வேண்டும். குழாயைப் பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போகும்.

நூல் அறுவதற்குக் கூடுதலாக ஒரு காரணம் உண்டு, இதைப் பலரும் கணக்கில் எடுப்பதில்லை. றீலில் நூல் குறையக் குறைய உருளையின் சுற்றளவு சிறுக்கிறது. உள்ளே பிரேக் அதே அளவில்தான் பிடிக்கிறது. ஆனால் விட்டம் பாதியானால் நூலில் விழும் இழுவை இரு மடங்காகிறது. 8 இறாத்தல் என்று காலையில் வைத்தது 16 ஆகிவிடும். அதோடு 200 மீற்றர் நூல் வளைந்து தண்ணீரைக் கிழிக்கும் தடையும் சேரும். முடிச்சு பலவீனமாக இருந்தால் அங்கே அறும். மீன் தூரம் ஓடியதும் பிரேக்கை இறுக்குவதுதான் கை தன்னால் செய்யும் வேலை. செய்ய வேண்டியது தளர்த்துவது. மீன் துள்ளும்போதும் அப்படியே. கோல் நுனியை மீனை நோக்கித் தாழ்த்தி நூலில் கொஞ்சம் தளர்வு கொடுக்க வேண்டும். காற்றில் தலையை உதறும் மீன் இறுகிய நூலையும் முள்ளையும் ஒரே வீச்சில் எறிந்துவிடும்.

இப்போது படகு. திருகோணமலையில் இந்த வேலைக்குப் போவது பெரும்பாலும் 18 முதல் 23 அடி ஃபைபர் படகுகள். வெளிநாட்டுப் பெரிய படகுகள் மீனை நோக்கிப் பின்புறமாக ஓடுவதைக் காணொளிகளில் பார்த்துவிட்டு நம் படகுகளிலும் அதைச் செய்யப் பார்க்கிறார்கள். பின்பலகை தாழ்ந்த சிறு படகில் பின்னோக்கி ஓடினால் அலை எஞ்சின் மேலாக உள்ளே ஏறும். இரண்டு அலை போதும், எஞ்சின் நின்றுவிடும். சிறு படகில் மீனைப் பின்தொடர்வது முன்னோக்கித்தான். மீன் ஓடும் திசைக்குச் சற்றுப் பக்கமாகப் படகைத் திருப்பி, அதற்கு இணையாக ஓட்டி, பயணி நூலைச் சுற்றி எடுக்க இடம் கொடுக்க வேண்டும். மற்றக் கோல்களை உடனே உள்ளே எடுத்துவிட வேண்டும். நூல் படகுக்கு அடியில் போகும் நிலை வந்தால் கோல் நுனியைத் தண்ணீருக்குள் அமுக்கி, படகின் முனையைச் சுற்றிக் கொண்டுவர வேண்டும். பயணியோடு படகை நடத்தும் ஒரு தண்டையலும் ஓர் உதவியாளரும் கட்டாயம். எஞ்சினையும் மீனையும் ஒருவரே பார்க்கும் பயணம் வேண்டவே வேண்டாம்.

மீன் படகருகே வந்த பிறகு நடப்பதுதான் இந்தக் கடிதத்துக்கே காரணம். உலகத் தூண்டில் மீன்பிடிப்பில் விட்டுவிடும் மீனுக்கு ஒரு பொது வழமை இருக்கிறது. உதவியாளர் லீடரைக் கையால் தொட்டாலே மீன் பிடிபட்டதாகக் கணக்கு. படகுக்குள் ஏற்ற வேண்டிய தேவையே இல்லை. இதைப் பயணியிடம் முதலிலேயே சொல்லிவிட்டால், ஏற்றிக் காட்டு என்று அவர் கேட்க மாட்டார்.

எஞ்சினை முன்னோட்டத்தில் வைத்து, மணிக்கு இரண்டு கடல் மைல் அளவில் படகு மெல்ல நகர வேண்டும். நின்ற படகில் மீனைப் பிடித்துக்கொண்டிருப்பது அதன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதற்குச் சமம். மயில் மீன் ஓடிக்கொண்டே வாய் வழியாகத் தண்ணீரை உள்ளே வாங்கிச் செவுளைக் கழுவிக்கொள்ளும் உயிர். உதவியாளர் தடித்த கையுறை போட்டு லீடரை எடுக்க வேண்டும். லீடரைக் கையில் ஒன்றிரண்டு சுற்று எடுக்கலாம், ஆனால் விரலை விரித்ததும் கழன்றுவிடும் வகையில் மட்டும். மணிக்கட்டில் சுற்றினால் கடைசித் துள்ளலில் ஆள் கடலுக்குள் போவார். இழுத்த லீடர் காலடியில் சுருளாகக் கிடக்கக் கூடாது. அலகின் நேர் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. படகுக்குள் பாய்ந்த மயில் மீன் ஆட்களைக் குத்தியிருக்கிறது.

அலகை மேலிருந்து இரு கைகளாலும், பெருவிரல்கள் ஒன்றையொன்று பார்க்கும்படி பிடித்தால் மீன் உதறும்போது தள்ளிவிட முடியும். தலை தண்ணீருக்குள்ளேயே இருக்கட்டும். முள் தாடையோரம் தெரிந்தால் நீண்ட குறட்டால் திருகி எடுக்கலாம். உள்ளே போயிருந்தால் இழுக்கவே வேண்டாம். முள்ளுக்கு எவ்வளவு கிட்டே முடியுமோ அவ்வளவு கிட்டே லீடரை வெட்டிவிட வேண்டும். நீளமாகத் தொங்கும் தங்கூசி மீனின் உடலைச் சுற்றி அறுக்கும்.

பிறகு பொறுமை. களைத்த மீன் மங்கிப் பழுப்பேறி இருக்கும். நகரும் படகோடு அதன் வாய்க்குள் தண்ணீர் போய்க்கொண்டிருக்க, உடம்பின் நீலமும் கோடுகளும் மெல்லத் திரும்பும். கண் அசையும். வால் தானாக அடிக்கும். கையை அது உதறித் தள்ளும் வரை பிடித்திருக்க வேண்டும். முன்பே விட்டால் பக்கவாட்டில் சாய்ந்து மூழ்கும், சுறாவுக்கு அது போதும். செய்மதி அட்டைகள் பொருத்தி நடந்த ஆய்வுகள், வட்ட முள்ளில் பிடித்துச் சரியாக விடப்பட்ட மயில் மீன்களில் பெரும்பாலானவை பிழைக்கின்றன என்றே காட்டுகின்றன. ஆகவே இந்த உழைப்பு வீணாகாது.

வெளியே தூக்கினால் என்ன கெடும் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். செவுளின் மெல்லிய இதழ்கள் தண்ணீரில்தான் விரிந்து நிற்கும். காற்றில் அவை ஒன்றோடொன்று ஒட்டிப் படிந்துவிடும், மூச்சு அங்கேயே நின்றுபோகும். ஓடிக் களைத்த மீனுக்கு அது நடப்பதுதான் ஆபத்து. கூடவே, முழு எடையும் தண்ணீர் தாங்காமல் தொங்கும்போது உள்ளுறுப்புகள் கசங்கும். படகின் விளிம்பில் உரசியும் பயணியின் மடியில் அழுந்தியும் உடம்பின் வழுவழுப்பான படலம் போய்விடும், பிறகு அந்த இடத்தில் கிருமி தொற்றும். படம் வேண்டும் என்றால் உதவியாளர் மீனைத் தண்ணீரில் பிடித்திருக்க, பயணி விளிம்பில் குனிந்து அதன் அருகே இருக்கட்டும். படகுக்குள்ளிருந்து இன்னொருவர் எடுக்கலாம். நீலம் மின்னும் முதுகும் விரிந்த மயிற்செட்டையும் தண்ணீரில்தான் அழகு. நீளத்துக்கு, அங்குலக் குறியிட்ட மிதக்கும் கயிற்றை அதன் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்க்கலாம்.

பள்ளத்தாக்கின் விளிம்பில் 80, 100 மீற்றர் ஆழத்தில் இரும்பு இரையை மேலும் கீழும் குதிக்கவிட்டுப் பிடிக்கும் கலவாய் வேறு கதை. அது மேலே வரும்போது காற்றுப்பை வீங்கி வயிறு வாய் வழியாக வெளியே தள்ளும். அதைக் குத்திவிடக் கூடாது. பாரம் கட்டிய கயிற்றில், தாடி மழுக்கிய முள்ளைத் தலைகீழாகக் கட்டி, அதன் தாடையில் மாட்டி மீண்டும் ஆழத்துக்கு இறக்கிவிட்டால் அழுத்தம் பழையபடி வரும். அதுவும் முடியாவிட்டால் அதை உணவுக்கு எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் பிடிப்பதை நிறுத்துவதே சரி.

உணவுக்கு எடுக்கும் சூரை, அறுக்குளா பற்றிச் சுருக்கமாக: உடனே கொன்று, குருதி வடித்து, மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் வைக்க வேண்டும். வெயிலில் கிடந்த சூரையில் ஹிஸ்டமின் உருவாகும், சமைத்தாலும் அது போகாது. முகம் சிவந்து நெஞ்சு படபடக்கும் "சூரை ஒவ்வாமை" பல வேளைகளில் இதுதான்.

பாதுகாப்பில் கச்சான் காற்றை முதலில் சொல்ல வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் அது கரையிலிருந்து கடலுக்கு வீசுகிறது. கரையில் நின்று பார்த்தால் கடல் தட்டையாக இருக்கும், ஏனென்றால் அலை எழும்ப அங்கே இடமில்லை. ஐந்து, பத்துக் கிலோமீற்றர் வெளியே போனதும்தான் அலை தெரியும். திரும்பும் வழி முழுவதும் காற்றை எதிர்த்து. எஞ்சின் நின்றால் கச்சான் படகை வங்காள விரிகுடாவுக்குத்தான் கொண்டுபோகும். ஆகவே எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு பங்கு போக, ஒரு பங்கு வர, ஒரு பங்கு தொடாமல் இருக்க. 40 குதிரைவலு இரட்டை வீச்சு எஞ்சின் முழு வேகத்தில் மணிக்கு 15 முதல் 20 லீற்றர் குடிக்கும். ஆழ்கடலுக்கு ஒரே எஞ்சினோடு போகும் படகில் ஒரு சிறிய உதிரி எஞ்சினாவது வேண்டும், இல்லையென்றால் இரண்டு படகாகப் போக வேண்டும். கைபேசி பாதி வழியில் கைவிடும். 16 ஆம் அலைவரிசையைக் கேட்கும் வீ.எச்.எஃப். வானொலி, ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி, முள்ளையே வெட்டக்கூடிய கனத்த குறடு, குடிநீர், போகும் இடமும் திரும்பும் நேரமும் தெரிந்த ஒருவர் கரையில். இவற்றில் ஒன்று குறைந்தாலும் பயணியை ஏற்றக் கூடாது. அங்கி போடமாட்டேன் என்று பயணி சொன்னால் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

தொழிலுக்குப் போகும் நம் ஆட்களோடு உரசல் வராமல் இருப்பதும் இதே அளவுக்கு முக்கியம். சூரைக் கூட்டத்தில் கைத்தூண்டில் போட்டுக்கொண்டிருக்கும் படகுகளுக்கு நடுவே இழுவைத் தூண்டிலோடு பாய்ந்தால் கூட்டம் கீழே இறங்கிவிடும். அவர்களின் அன்றைய வருமானம் அதோடு போகும். ஓரத்தைச் சுற்றித்தான் இழுக்க வேண்டும், பெரிய மீன் நிற்பதும் ஓரத்தில்தான். மிதவைகளும் கொடிகளும் தெரியும் இடத்தை விட்டு விலக வேண்டும். விடியலில் இன்னும் வலை எடுக்காத படகுகள் இருக்கும். அறுந்த வலைக்கு ஈடுகொடுக்கும் பணம் எந்தப் பயணத்தின் இலாபத்தையும் தின்றுவிடும். நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாமலைத் தீவு 2003 முதல் தேசியப் பூங்கா. அதைச் சுற்றித் தூண்டில் வேண்டாம். திமிங்கிலங்கள் மேலே வரும் இடத்தில் நூல்களை உள்ளே எடுத்துவிட்டு விலகி ஓட்ட வேண்டும்.

பணப் பேச்சில் ஒரு மாற்றம் வந்தால் மேலே சொன்ன பலதும் எளிதாகிவிடும். சில இடங்களில் மீன் கிடைத்தால் கூடுதல் பணம், பெரிய மீனுக்கு இன்னும் கூடுதல், பிடித்த மீன் படகோட்டிக்கு என்று பேசுகிறார்கள். அப்படிப் பேசிய படகில் மயில் மீனை விடச் சொல்வது அந்தத் தொழிலாளியின் சட்டைப் பையிலிருந்து எடுப்பது போன்றது. மணிக்கணக்கில் நிலையான கட்டணம், மயில் மீனும் கொப்பரையும் விடப்படும், உணவுக்கு இன்ன மீனில் இத்தனை என்று ஏறும் முன்பே எழுதிக் காட்டிவிட வேண்டும். சுத்தமாக விடப்பட்ட ஒவ்வொரு மீனுக்கும் தண்டையலுக்கும் உதவியாளருக்கும் தனியாக ஊக்கப்பணம் வைத்தால் இன்னும் நல்லது. கொன்றால் கிடைக்கும் பணத்தைவிட விட்டால் கிடைக்கும் பணம் கூடும்போது பழக்கம் தானாக மாறும்.

கரையோரக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிடம் கேட்பது இது. மயில் மீன் பயணம் போகும் படகுகளுக்குத் தனிப் பட்டியல் வையுங்கள். மேலே சொன்ன கருவிகள் படகில் இருக்கின்றனவா என்று பருவத் தொடக்கத்தில் ஒருமுறை பாருங்கள். சங்கத்தின் முற்றத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கோல், ஒரு விற்தராசு வைத்து, பிரேக் அளப்பதையும் முரல் கட்டுவதையும் அரை நாளில் காட்டிவிடலாம். கடைக்காரர்களிடம் கேட்பது: 7/0, 8/0 அளவில் முறுக்கில்லாத, துருப்பிடிக்கும் வட்ட முள்ளையும் றப்பர் வளையத்தையும் இருப்பில் வையுங்கள். இவை கிடைக்கவில்லை என்பதுதான் பலர் சொல்லும் முதல் காரணம்.

ஆசிரியரே, உங்களிடமும் ஒன்று கேட்கிறேன். வாசகர்கள் அனுப்பும் மீன் படங்களில் தொங்கும் மயில் மீனையும் மடியில் கிடக்கும் மயில் மீனையும் இனி அச்சிட வேண்டாம். தண்ணீரில் பிடித்து எடுத்த படம் வந்தால் அதைப் பெரிதாகப் போடுங்கள், கீழே படகோட்டியின் ஊரையும் எந்த முள்ளில் பிடித்தார் என்பதையும் சேர்த்து.

இங்ஙனம்,
ஆழ்கடல் தூண்டில் படகுகளோடு பழகிய வாசகர்,
உப்புவெளி, திருகோணமலை.